திண்டிவனத்திலிருந்து நெய்வேலி வரை: நம் மோட்டாருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மயிலம் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் எழுதியது. 'மூன்று ஏக்கர் கொல்லை. இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் டீசல் இன்ஜினில்தான் ஓட்டுகிறேன். சோலார் போடச் சொல்கிறார்கள். நெய்வேலி இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நாம் ஏன் வெயிலை நம்ப வேண்டும்?'

'மானியம் இருக்கிறது, விண்ணப்பியுங்கள்' என்று ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது மானியத்தைப் பற்றி இல்லை. மாசி மாதக் கடைசியில் எனக்கு நெய்வேலிப் பக்கம் ஒரு வேலை வந்தது. திண்டிவனத்தில் கிளம்பி விழுப்புரம், பண்ருட்டி வழியாகப் போக வேண்டும். அந்தச் சாலையில் கரும்புச் சக்கையில் எடுக்கும் மின்சாரம், பூமியைத் தோண்டி எடுக்கும் மின்சாரம், வெயிலில் எடுக்கும் மின்சாரம் மூன்றையும் பார்த்துவிடலாம். போகிற வழியில் கடிதம் எழுதியவரின் கொல்லையிலும் இறங்கிவிட்டுப் போவது என்று முடிவு செய்தேன்.

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டும்போது பழைய ஞாபகங்கள் வரும். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நாம் விதைத்த மல்லாட்டை ரகங்களின் பெயரில் உள்ள 'டி.எம்.வி.' திண்டிவனம்தான். அந்த ரகங்கள் ஏரிப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பி விதைக்கப்பட்டவை. இன்று கார்த்திகை, மார்கழிப் பட்டத்து மல்லாட்டை பெரும்பாலும் போர் தண்ணீரில் வளர்கிறது. போர் என்றால் மோட்டார், மோட்டார் என்றால் கரண்ட். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏர் பூட்டிய ஊர், இன்று டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்த்துவிட்டு விதைக்கிறது.

கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் சாலையில் போனேன். அண்ணன் கொல்லையிலேயே இருந்தார். ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, விழுது இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். ஓரத்தில் கொஞ்சம் சவுக்கு. கிணறு 60 அடி, அதற்குள் ஒரு போர். இன்ஜின் புகை விட்டுக்கொண்டிருந்தது.

"மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலதான் குடிக்குது சார்" என்றார்.

டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். ஒரு மணி நேரப் பாய்ச்சலுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு போகத்துக்கும் சேர்த்து 400 மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு 40,000 ரூபாய். மல்லாட்டையில் மிஞ்சுவதே அவ்வளவுதான் என்று அவர் வீட்டம்மா சொன்னார். கணக்கை அவர்தான் வைத்திருக்கிறார், நோட்டுப் போட்டு.

பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்கு இலவச சர்வீஸ் உண்டு. தமிழ்நாட்டில் 1990லிருந்து எல்லா விவசாய மோட்டார்களுக்கும் மின்சாரம் இலவசம். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் அப்படி ஓடுகின்றன. 2021-22ல் ஒரு லட்சம் புதிய இணைப்புகள் கொடுத்தபோது வரிசை குறைந்தது, தீரவில்லை. பணம் கட்டி முன்னால் போகும் தத்கல் முறைக்கு இரண்டரை லட்சத்திலிருந்து ஆகும். அண்ணனால் அது முடியாது. அதனால் பக்கத்துக் கொல்லையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொல்லைக்கார அம்மா வரப்போரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "இலவசம்தான் சார். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற இலவசம்" என்றார். போன வருஷம் முறை கரண்ட்டுக்கு மடை திருப்பப் போன அவர் கொழுந்தனாரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்து பிழைத்து வந்திருக்கிறார். எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. இரவுப் பாய்ச்சலில் போன உயிர்கள் எந்த மின்கட்டண ரசீதிலும் ஏறுவதில்லை.

இன்ஜினை நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கேட்டேன். நாலு மணி நேரத்தில் தண்ணீர் இழுத்துவிடும், மறுபடி ஊற ராத்திரி முழுக்க வேண்டும் என்றார். இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

மறுபடி நெடுஞ்சாலை. விக்கிரவாண்டியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையின் வாசனை முதலில் வரும், புகைபோக்கி அப்புறம்தான் தெரியும். சாலையோரம் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. இந்த ஆலையில் சர்க்கரையோடு மின்சாரமும் எடுக்கிறார்கள். இணை மின் உற்பத்தி என்று பெயர். கரும்பை அரைத்து மிஞ்சும் சக்கையை எரித்து, நீராவியில் டர்பைனைச் சுற்றி, அதே நீராவியில் பாகும் காய்ச்சுகிறார்கள்.

ஒரு டன் கரும்பில் 280 முதல் 300 கிலோ வரை சக்கை வரும். அதில் பாதி ஈரம். அப்படியிருந்தும் ஒரு கிலோவில் 2,200 கிலோ கலோரி அளவுக்குச் சூடு இருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஒரு கிலோவுக்கு 2,600 அளவு. அதாவது நாம் சக்கை என்று ஒதுக்குவதற்கும், பூமிக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கும் கரிக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் படித்த நாளில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உயர் அழுத்தக் கொதிகலன் உள்ள ஆலை ஒரு டன் கரும்பின் சக்கையில் சுமார் 100 யூனிட் எடுக்கும். ஆலையின் சொந்தச் செலவு போக மிச்சம் மின்வாரியக் கம்பிக்குப் போகும். உங்கள் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய 4 யூனிட் வேண்டும். 40 கிலோ கரும்பு போதும், அதுவும் சர்க்கரையை எடுத்துக்கொண்ட பிறகு.

சக்கை எரிந்தாலும் புகைதான், கரி எரிந்தாலும் புகைதான், இதில் என்ன புதுப்பிக்கத்தக்கது என்று கேட்பவர்கள் உண்டு. சக்கையிலிருந்து போகும் கரியமில வாயு போன வருஷம் அந்தக் கரும்பே காற்றிலிருந்து எடுத்தது. அடுத்த வருஷம் கட்டைப் பயிர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கணக்கு ஒரு வருஷத்தில் நேராகிவிடும். நிலக்கரி என்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் புதைந்த காடு. அதை நம் தலைமுறையில் எரித்தால், திரும்ப வர நாமும் இருக்க மாட்டோம், நம் பேரன்களும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் சக்கைக் கரண்ட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அரவை நடக்கும் மாதங்களில்தான் சக்கை கிடைக்கும். கரும்பு இருந்தால்தான் அரவை. தமிழ்நாட்டில் கரும்புப் பணம் நிலுவையில் நின்ற வருஷங்களில் எத்தனை பேர் கரும்பை விட்டு சவுக்குக்கும் மரவள்ளிக்கும் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும். விவசாயிக்கு நேரத்தில் பணம் போகாவிட்டால் இந்த மின்சாரம் புதுப்பிக்காது. சக்கையில் வரும் வருமானத்தில் நமக்குப் பங்கு உண்டா என்று டிராக்டரில் இருந்த ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 2012ல் ரங்கராஜன் குழு இதைத்தான் சொன்னது: சர்க்கரை, சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் எல்லாவற்றின் வருமானத்தையும் சேர்த்து 70 சதவீதம் கரும்பு போட்டவனுக்கு. சொன்னதும் நடப்பதும் ஒன்றா என்பதை அந்தத் தம்பியிடமே விட்டுவிட்டேன்.

விழுப்புரத்தில் டீ குடிக்க மட்டும் நின்றேன். கோலியனூர் தாண்டிப் பண்ருட்டி வந்தால் மண்ணின் நிறம் மாறும். பலா, முந்திரி, செம்மண். அதைத் தாண்டி நெய்வேலி.

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு நெய்வேலி அந்நிய ஊர் இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. தண்ணீர் தேடிய ஒரு விவசாயியின் நிலத்தில்தான் இந்தக் கதை தொடங்கியது. 1956ல் நிறுவனம் வந்தது, 1962ல் முதல் மின்சாரம். சோவியத் உதவியோடு கட்டிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 58 வருஷம் ஓடிவிட்டு 2020ல் ஓய்ந்தது. மற்ற நிலையங்கள் ஓடுகின்றன. நாம் டி.வி. பார்க்கும் இரவு எட்டு மணிக்கு வெயில் கிடையாது. அந்த நேரத்தில் விளக்கு எரிவதில் நெய்வேலிக்கும், ஒடிசாவிலிருந்து கப்பலில் வரும் கரிக்கும் பங்கு உண்டு. இதை மறந்துவிட்டுக் கரியைத் திட்டுவது நன்றி கெட்டதனம் என்று நினைப்பவன் நான்.

சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் ஜெர்மன் சக்கர இயந்திரங்கள் பொம்மை போலத் தெரியும். அவ்வளவு ஆழம். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அள்ளிக் கொட்டியாக வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரி. நம் மோட்டார் ஒரு மணி நேரம் ஓட நாலு கிலோ கரி, அதற்கு மேலே இருந்த இருபது லிட்டருக்கும் மேலான மண். அந்த மண் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய கொல்லை.

தண்ணீர் கணக்கு இதைவிடச் சிக்கலானது. கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. மோட்டார் இல்லாமலே பொங்கும் ஆர்ட்டீசியன் ஊற்றுகள் இருந்த பூமி இது. அந்தத் தண்ணீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கக் குழி உடையாமல் நிற்கும். நமக்குக் கரண்ட் கொடுக்க அவர்கள் ஓயாமல் தண்ணீர் இறைக்கிறார்கள், அந்தக் கரண்ட்டில் நாம் தண்ணீர் இறைக்கிறோம். சுற்றுவட்டார விவசாயிகள் எங்கள் போர் இறங்கிவிட்டது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள்.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் கதிர் வரும் நேரத்து நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கிய படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பரவனாற்றை மாற்றிவிடும் வாய்க்காலுக்காக வெட்டினார்கள். நிலம் பல வருஷங்களுக்கு முன்பே நிறுவனம் கையகப்படுத்தியது என்பது உண்மை. பயிர் நின்றது என்பதும் உண்மை. ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. பயிரோடு வாழ்ந்த எனக்கு அந்தப் படத்தைப் பார்த்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. நெய்வேலி மின்சாரம் மலிவு என்று எழுதியிருந்த வாசகருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: அந்த விலையில் இந்த வயல் சேர்க்கப்படவில்லை.

இதே நிறுவனம் இன்று நெய்வேலியிலும் தென்மாவட்டங்களிலுமாக 1,000 மெகாவாட்டுக்கும் மேல் சோலார் போட்டிருக்கிறது. கரி தோண்டுகிறவர்களே வெயில் பக்கம் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கும் கணக்குத் தெரிகிறது.

காற்றாலை வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் போலக் கணவாய் வழியாக வீசும் காற்று நம் மாவட்டத்தில் இல்லை. வானூர் பக்கம் ஆரோவில்லில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிகள் ஒரு காலத்தில் நிறைய நின்றன, அங்கேயும் இன்று சோலார்தான் அதிகம். நமக்குக் காற்று வேண்டாம், விட்டுவிடலாம்.

திரும்பும்போது மறுபடி கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். அண்ணனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 5 குதிரைத்திறன் சோலார் பம்புக்கு 4.8 கிலோவாட் பேனல். நிலம் ஒரு சென்ட் போதும். நல்ல வெயில் நாளில் 20 யூனிட் அளவு எடுக்கும். 150 அடியிலிருந்து இறைத்தால் ஒரு நாளைக்கு 70,000 முதல் 80,000 லிட்டர் வரை. ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் ஏக்கருக்கு இரண்டரை நாள். இன்ஜின் போல ஒரே மூச்சில் வராது, காலையில் மெதுவாகத் தொடங்கி, பத்திலிருந்து மூன்று மணி வரை நன்றாக வந்து, சாயங்காலம் ஓய்ந்துவிடும்.

"அப்ப இது சோம்பேறி மோட்டாரு" என்றார்.

அவர் கிணறும் அப்படித்தானே என்றேன். நாலு மணி நேரத்தில் இழுத்துவிட்டு ராத்திரி முழுக்க ஊறும் கிணற்றுக்கு, மெதுவாக இறைக்கும் பம்புதான் பொருந்தும். அவருக்கு 5 வேண்டாம், 3 குதிரைத்திறனும் சொட்டுநீரும் போதும் என்பது என் எண்ணம். விற்பனைக்கு வருகிறவர்கள் பெரியதைத்தான் காட்டுவார்கள்.

சோலார் பற்றி ஒரு தவறான எண்ணம்: சித்திரைக் கத்திரியில் தண்ணீர் கொட்டும் என்பது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவு உற்பத்தி குறையும். கத்திரியில் பேனல் 60 டிகிரி தொடும், ஏழில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். தூசியும் காக்கை எச்சமும் சேர்ந்தால் இன்னும் குறையும். வாரம் ஒருமுறை விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அடித்தளம் ஒழுங்காகக் கட்டாத பேனலும் அப்படிப்பட்ட காற்றில் நிற்காது. கான்கிரீட் போடும் அன்று நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

எனக்கு உள்ள பயம் வேறு. வெயில் தினமும் வரும், செலவில்லை என்று தினமும் ஓட்டினால் கிணறு என்ன ஆகும்? வெயில் புதுப்பிக்கும். போர் தண்ணீர் மழை பெய்த அளவுக்குத்தான் புதுப்பிக்கும். குஜராத்தில் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் 2016ல் ஆறு விவசாயிகள் கூட்டுறவு சங்கம் வைத்து, பாய்ச்சியது போக மிச்ச சோலார் மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்றார்கள். தண்ணீரை வீணாக இறைப்பதைவிடக் கரண்டை விற்பது லாபம் என்றானதும் மோட்டாரை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். பிரதமரின் குசும் திட்டத்திலும் கம்பியோடு சேர்க்கும் இப்படிப்பட்ட பிரிவு இருக்கிறது. நம் மாவட்டத்தில் அது பரவலாக வந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

அண்ணன் கேட்டார், "பக்கத்துக் கொல்லைக்காரங்களும் போடலாமா சார்?"

இலவச சர்வீஸ் வைத்திருப்பவருக்குக் காசுக் கணக்கில் சோலாரால் லாபம் இல்லை. அவருக்குக் கிடைப்பது பகல் மட்டும். ஆனால் பாம்பு கடித்த வீட்டில் அந்தப் பகலுக்கு என்ன விலை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். டீசல் ஓட்டுகிறவருக்கு யோசிக்கவே வேண்டாம். 5 குதிரைத்திறன் பம்புக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். 60 சதவீதத்திலிருந்து மானியம் உண்டு, சிறு குறு விவசாயிகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் அதற்கு மேல். அந்த வருஷ ஆணையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பணம் ஒன்றேகால் லட்சம் என்றால்கூட டீசல் காசில் மூன்று வருஷத்தில் திரும்பிவிடும்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ பதியலாம். சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்று எடுத்துப் போங்கள். உங்கள் ஃபிர்கா நிலத்தடி நீர்ப் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இலவச இணைப்புக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் வரிசை எண் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த அம்மா நோட்டில் இதையெல்லாம் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டும்போது கிணறு எத்தனை மணிக்கு இழுக்கிறது, எத்தனை மணிக்கு ஊறுகிறது என்று மூன்று நாள் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு 3ஆ 5ஆ என்று சொல்கிறேன்.